ஏழாம் குழுவின் நான்காவது ஆள்

"குழு எண் 7. உறுப்பினர்கள் நால்வர். கீழே கண்ட கடவுச்சொல் நால்வருக்கும் பொது. முதல்முறை உள்ளே நுழைந்ததும் அவரவர் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்."

2007 ஜூலை 16, திங்கட்கிழமை என்று தேதியிட்ட இந்த ஒற்றைத் தாள் என் கோப்பில் இன்னும் இருக்கிறது. மூலம் ஆங்கிலம், தமிழாக்கம் என்னுடையது. தாளில் பெயர்கள் கிடையாது. 7-1, 7-2, 7-3, 7-4 என்று எண்கள் மட்டும். வலது மூலையில் டீ கிளாஸ் வைத்த வட்டக்கறை ஒன்று உண்டு. அது மூன்றாவது வாரத்து சனிக்கிழமையைச் சேர்ந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாளில் சொன்னபடி மூன்று பேர் கடவுச்சொல்லை மாற்றினோம். நான்காவது ஆள் மாற்றவில்லை. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

பயிற்சி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கம்பெனி, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இன்டர்நெட் வழியாகப் பாடம் நடத்த ஆசிரியர்களைத் தயார் செய்தது. எட்டு வாரம். வகுப்பறை கிடையாது. நான்கு நான்கு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு இணையப் பலகையைத் திறந்துவிடுவார்கள். ஒருவர் மாதிரிப் பாடம் எழுதிப் பலகையில் போட வேண்டும். மற்ற மூவர் அதில் குறை நிறை சொல்ல வேண்டும். அவர் திருத்தி மறுபடியும் போட வேண்டும். மதிப்பெண் குழுவுக்கு ஒன்றுதான். ஒருவர் எழுதாமல் இருந்தாலும் அந்த வாரம் நால்வருக்கும் பூஜ்யம். கடைசியில் ஆளுக்கொரு சோதனை வகுப்பு: ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு நிஜக் குழந்தைக்கு அரைமணி நேரம் பாடம். இதையெல்லாம் மேற்பார்க்க ஒரு வழிகாட்டி இருந்தார். அவரை நாங்கள் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை. கம்பெனி தந்த ஒரு பதவிப் பெயரில் எழுதுவார். நாங்கள் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கிப் பதில் எழுதுவோம்.

நான் 7-1. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். 1991 முதல் நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள். எங்கள் தெருவுக்கு முதல் எஸ்.டி.டி. பூத் வந்த நாளும், அது மூடப்பட்ட நாளும் என்னிடம் உண்டு. புதிதாக ஏதாவது ஊருக்குள் வந்தால் அது எப்படி நடக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும். பயிற்சியில் சேர்ந்ததற்கு வேறு காரணம் இல்லை.

7-2 கொடைரோட்டுக்காரர். பிசிக்ஸ் டியூஷன் எடுப்பவர். நாங்கள் சார் என்போம். "கம்ப்யூட்டரெல்லாம் உங்களுக்கு வராதுப்பா" என்று அவருடைய மகன் ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டான். மறுநாளே விண்ணப்பம் அனுப்பினார்.

7-3 தான் உண்மையில் வேலைக்காக வந்தவள். எரியோட்டுக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட கணக்கு டீச்சர். இரட்டைப் பிள்ளைகள் பிறந்த பிறகு வெளியே வேலைக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்தபடியே பாடம் நடத்தலாம் என்று கேள்விப்பட்டு இதில் சேர்ந்தாள். மாமனார் ஒரு கெடு வைத்திருந்தார். தீபாவளிக்குள் வேலை கிடைத்தால் சரி. இல்லையென்றால் கம்ப்யூட்டர் கொழுந்தனின் பூக்கமிஷன் கடைக்குப் போய்விடும். அதோடு அவளுடைய கணக்கும் முடிந்தது. அவளுக்கு இரண்டாவது வழி இல்லை.

முதல் இரண்டு வாரப் பலகையை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இப்போது படித்தாலும் எனக்கு முகம் சிவக்கிறது. சார் 'அடர்த்தி' பற்றி ஒன்பது பக்கத்துக்கு ஒரு பாடம் போட்டார். அதற்கு நான், "மிகவும் அருமை ஐயா. நீண்ட அனுபவம் வரிக்கு வரி தெரிகிறது" என்று எழுதினேன். அவள், "டீச்சர் சொன்னதையே நானும் வழிமொழிகிறேன்" என்றாள். நான் ஒரு பாடம் போட்டேன். "இதில் குறை காண எனக்குத் தகுதி இல்லை" என்று சார் எழுதினார். எப்படி எழுதுவோம்? முகம் தெரியாத மனிதர், வயதில் மூத்தவர், பெண்பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தயக்கம். எங்கள் பக்கத்தில் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றாலும் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தைக் கூடக் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சமாளிப்பார்களே தவிர, சமைத்தவரிடம் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது வாரக் கடைசியில் வழிகாட்டி எழுதினார்: "அன்புள்ள ஏழாம் குழுவினரே, இங்கே நடப்பது கலந்துரையாடலா, பாராட்டு விழாவா? மேலும், 7-4 இதுவரை ஒரு வரி எழுதவில்லை. வரும் சனிக்கிழமைக்குள் அவர் எழுதி, நால்வரும் உண்மையான விமர்சனம் செய்தால் இரண்டு வாரத்துப் பூஜ்யத்தையும் நீக்குகிறேன். இல்லையென்றால் குழு கலைக்கப்படும்."

அந்தச் சனிக்கிழமை திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் நாங்கள் மூவரும் முதல்முறையாகச் சந்தித்தோம். ஆன்லைனில் மட்டுமே பழக வேண்டும் என்பது பயிற்சியின் விதி. அறிமுகப் பதிவுகளில் ஊரைப் பார்த்து நாங்களே பேசி வைத்துக்கொண்டோம்; மூவரும் ஒரே பஸ் ஸ்டாண்டுக்கு வரக்கூடியவர்கள் என்பதை விதி போட்டவர்கள் யோசிக்கவில்லை. ஒரு மரத்தடுப்புக்குள் மூன்று ஸ்டூல் போட்டு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். 7-3 அழுதுவிடுவாள் போல இருந்தாள்.

"குழுவைக் கலைச்சுட்டா அம்புட்டுத்தான் டீச்சர். இன்னொரு தடவ சேர வீட்ல விடமாட்டாக."

"அந்த நாலாவது ஆளு எந்த ஊரோ, என்ன வேலையோ" என்றார் சார். "செத்த நேரம் உக்காந்து ஒரு வரி எழுதக் கை வலிக்குதாக்கும்?"

நான் விவரம் பார்ப்பதற்காக அந்தத் தாளைக் கொண்டுபோயிருந்தேன். சார் அதை வாங்கி, மேலே டீ கிளாஸை வைத்துவிட்டு, உதட்டை அசைத்துப் படித்தார்.

"டீச்சர், இந்தப் பாஸ்வேர்டு நாலு பேருக்கும் ஒண்ணுதான?"

"ஆமா சார். மாத்திக்கிறச் சொன்னாங்க."

"உள்ளயே வராத ஆளு எப்பிடி மாத்தியிருப்பாரு?"

7-4 என்று அடித்தார். பொதுக் கடவுச்சொல்லை அடித்தார். கதவு திறந்துகொண்டது. திரையில் 'நல்வரவு' என்று வந்ததும் மூவரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தோம். சென்டர்காரர் ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வருகைப் பதிவு மட்டும் போட்டுருவோம்" என்றேன். ஒழுக்கத்தில் எனக்குப் பெயர் உண்டு என்பதால், ஏதோ வரம்பு கட்டுவதாக நினைப்பு.

"என்ன டீச்சர் போடுறது? பாராட்டக்கூடாதுன்னுட்டாரே" என்றாள் அவள்.

யாரையாவது குறை சொல்லியாக வேண்டும். மூவரும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் சார் பெரியமனது பண்ணினார்.

"என்னையவே திட்டுங்க. நான் சொல்றேன், அடிங்க. 'பாடம் மிகச் சிறப்பு. ஆயினும் சற்றே நீளம்.'"

அவள் அடித்தாள். முற்றுப்புள்ளி வைக்கவில்லை. விரல் அந்தரத்தில் நின்றது.

"என்ன தாயி?"

"நீளம் மட்டும் இல்ல சார். ஒம்பது பக்கத்துல பிள்ளையப் பாத்து ஒரு கேள்விகூட இல்ல."

சார் டீயைக் குடித்து முடித்தார். காலி கிளாஸை அதே வட்டத்தில் திரும்ப வைத்தார். "அதையும் அடி" என்றார்.

அன்று மாலையே வழிகாட்டியிடமிருந்து பதில் வந்துவிட்டது. "7-4 அவர்களே, தாமதமாக வந்தாலும் சரியாக வந்தீர்கள். இதைத்தான் எதிர்பார்த்தேன்." சார் பாடத்தை மூன்று பக்கமாகக் குறைத்து, ஆறு கேள்விகளோடு போட்டார். குழு பிழைத்தது.

ஒருமுறைதான் என்று பேசிக்கொண்டுதான் கலைந்தோம். அடுத்த செவ்வாய்க்கிழமை பலகையைத் திறந்தபோது என் பாடத்துக்குக் கீழே 7-4 எழுதியிருந்தார்: "இந்த ஆசிரியை ஒரு நிமிடத்தில் நான்கு முறை குழந்தையின் உச்சரிப்பைத் திருத்துகிறார். குழந்தை வந்தது பாடம் படிக்கவா, வெட்கப்படவா?"

பதினெட்டு வருட சர்வீஸில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. என் பெயரில், "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று எழுதினேன். பிறகு வெளியே வந்து, 7-4 ஆக மறுபடி உள்ளே போய், சாரின் புதிய பாடத்தைப் பிரித்து மேய்ந்தேன். என்னைப் பற்றி எழுதியவர் அவர்தான் என்று எனக்கு நிச்சயம். 'கேள்விகளைக் கேட்டுவிட்டு விடைகளையும் தானே அடைப்புக்குறிக்குள் போடும் ஆசிரியருக்கு மாணவர் எதற்கு?' என்று முடித்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று டைரியில் இருக்கிறது.

இப்படியே போயிற்று. சொந்த எண்ணில் மூவரும் நன்றி, வணக்கம், அருமை. 7-4 வந்தால் மட்டும் உண்மை. யார் எழுதுகிறார்கள் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் பார்க்கும்போது அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலத்தான் பேசினோம்.

"இந்த வாரம் கோவமா இருக்காரு போல" என்பார் சார்.

"ஷுகர் இருக்கும் சார். எங்க மாமாவும் சாப்பாடு தள்ளிப்போனா இப்பிடித்தான் எரிஞ்சு விழுவாக" என்பாள் அவள்.

"ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்தான். அந்தத் தோரணையே தனி" என்பேன் நான், நான் எழுதியதை வைத்தே.

இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் பாடங்கள் நன்றாகிக்கொண்டு வந்தன. நான் உச்சரிப்பை விட்டுவிட்டுக் குழந்தை சொல்ல வருவதைக் கேட்கத் தொடங்கினேன். சாரின் அடைப்புக்குறிகள் காணாமல் போயின. ஐந்தாவது வாரம் வழிகாட்டி, "7-4 தான் இக்குழுவின் முதுகெலும்பு" என்று எழுதினார். எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் அவளிடம் மட்டும் 7-4 குழைந்தார். அவளுடைய பாடங்களில் ஒரு பெரிய குறை இருந்தது. கேள்வி கேட்டு முடிக்கும் முன்பே விடையையும் சொல்லிவிடுவாள். ஒத்திகைப் பதிவுகளில் அவள் குரலுக்கு நடுவே ஓர் ஊசி நுழைய இடம் இருக்காது. சாருக்கும் எனக்கும் அது தெரியும். சொல்ல மனம் வரவில்லை. அவளுக்கு இந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்ததோ அவ்வளவுக்கு எங்கள் வாய் அடைத்துப்போயிருந்தது. நானே ஒருமுறை 7-4 ஆகப் போய், "7-3 இன் வேகம் பாராட்டத்தக்கது" என்று எழுதிவிட்டு வந்தேன். அந்த மனிதர் செய்த ஒரே மோசடி அதுதான் என்பேன்.

ஏழாவது வாரத் திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு அவளுடைய சோதனை வகுப்பு. பின்னப் பெருக்கல். பத்து கணக்கு கேட்டு, பத்துக்கும் அவளே விடை சொன்னாள். எட்டாவது கணக்கில் அந்தப் பக்கத்துக் குழந்தை, "ஒன்றையாவது நான் சொல்லட்டுமா?" என்று கேட்டதாம். எழுத்தில் முடிவு வந்தது: தேர்ச்சி இல்லை, வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு.

எனக்குப் போன் செய்தாள். "கொழுந்தன் டேபிளை அளந்துட்டுப் போறாக டீச்சர்" என்றாள். நான் அப்போதும் சொல்லவில்லை. "தைரியமாப் பண்ணும்மா" என்று எதற்கும் உதவாத ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை பலகையைத் திறந்தேன். 7-4 எழுதியிருந்தார். நேரம் முற்பகல் 11.10.

"7-3 அவர்களுக்கு. கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். உங்கள் குரல் அங்கே போய்ச் சேரவே கொஞ்ச நேரம் ஆகிறது. குழந்தை பேசாமல் இருப்பது தெரியாததால் அல்ல, கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதால். அந்த ஐந்து எண்ணிக்கையும் குழந்தைக்குச் சொந்தம். அதில் நீங்கள் பேசாதீர்கள்."

சார் கடைசியில் வாயைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் கம்ப்யூட்டர் மேசையில் ஐந்து மல்லிகை மொட்டுகளை வைத்துக்கொண்டாள். வெறுமனே எண்ணினால் வேகமாக எண்ணிவிடுவாளாம். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு மொட்டு, இன்னொரு மொட்டு என்று இடமிருந்து வலமாக நகர்த்தினாள். மூன்றாவது மொட்டில் குழந்தை விடை சொன்னது. அடுத்த கணக்குக்கு நாலாவதில். அரைமணி முடிந்தபோது மொட்டெல்லாம் கசங்கியிருந்தனவாம். மதியம் முடிவு வந்தது: தேர்ச்சி.

அதே கடிதத்தின் இரண்டாவது பத்தியில்தான் இடி. "சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு 7-4 அவர்களுடன் நேரடியாகக் குரல்வழி பேச விரும்புகிறேன். அவரைப் பயிற்சியாளராக்கும் யோசனை இருக்கிறது. அதன்பின் குழுவின் இறுதி முடிவு வெளியாகும்."

சனிக்கிழமை பத்து மணிக்கே நாகல் நகர் சென்டரில் கூடிவிட்டோம். சார் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். கைக்குட்டையை மைக்கில் சுற்றி, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, "குட் மார்னிங் சார்" என்றார்.

"குழாயில தண்ணி வர்ற மாதிரி இருக்கு சார்" என்றேன்.

"வயசான ஹெட்மாஸ்டரு அப்பிடித்தான இருப்பாரு? நீங்கதான சொன்னீங்க?"

"பயிற்சியாளர் வேலை தந்தா என்ன செய்வீக? காலம்பூராம் கைக்குட்டையோட திரிவீகளா?" என்று கேட்டாள் அவள். ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். "நானே சொல்லிர்றேன்."

"போறது உன் வேலை தாயி. எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் சார்.

"அதான் நான் சொல்றேன்."

பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. சென்டர்காரர் ஸ்பீக்கரையும் இணைத்துக் கொடுத்தார். 'ஹலோ, ஏழாம் குழுவா?' என்று கேட்டது ஒரு பெண்ணின் குரல். ஏழு வாரமாக மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதியவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், நாலாவது ஆளுன்னு ஒருத்தர் வரவே இல்ல மேடம். அவர் பேர்ல எழுதுனது நாங்க மூணு பேரும்தான். ஒருத்தர ஒருத்தர் குறை சொல்ல மனசு வராம அவரச் சொல்ல விட்டோம். எனக்கு வேலை வேணும்னுதான் இவங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சாங்க. வேற ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு ஏதாவது பேசிவிட வேண்டும் போல இருந்தது. சார் மைக்கை நோக்கிக் குனிந்தார். அவள் இடது கையால் அவரைத் தடுத்து, தலையில் இருந்த சரத்திலிருந்து ஒரு மொட்டைக் கிள்ளி கீபோர்டின் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்று. மூன்று. நான்கு.

ஐந்தாவதைக் கிள்ளும்போது அந்தக் குரல், "ஒரு நிமிஷம்" என்றது. தூரத்தில் யாரிடமோ எதையோ கேட்கும் சத்தம் வந்தது. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. சிரிப்பை அடக்கியதா, கோபத்தை அடக்கியதா என்று தீர்மானிக்க முடியவில்லை. டைரியில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

"7-4 பயிற்சி தொடங்குவதற்கு முந்தின வாரமே விலகிவிட்டாராம். ஆபீஸில் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாளிலிருந்தே உங்கள் குழுவில் மூன்று பேர்தான். மூன்று பேர் எழுதினாலே போதுமானதாக இருந்தது. உங்களுக்குப் பூஜ்யமே கிடையாது."

அதாவது நாங்கள் செய்த அத்தனை தில்லுமுல்லுக்கும் தேவையே இருந்திருக்கவில்லை.

ஒரு தண்டனை உண்டு என்றார். திங்கட்கிழமைக்குள் மூவரும் அவரவர் எண்ணிலேயே மற்ற இருவரைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் ஒரு பக்கம் எழுத வேண்டும். அது வந்தால்தான் சான்றிதழ். எழுதினோம். அந்த ஒரு பக்கம்தான் எட்டு வாரத்தில் மிகக் கடினமான வேலை. தீபாவளிக்கு முன்பே அவள் வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டாள். பூக்கமிஷன் கடை வழக்கம்போல நோட்டுப் புத்தகத்தில் நடந்தது.

இனி மீதி. அன்று சென்டரை விட்டு இறங்கியதும், ஆட்டோ வருவதற்குள், 7-4 இன் பதினொரு பதிவுகளுக்கும் பொறுப்பு பிரித்தோம். முதலாவது மூவருடையது. நான்கு என்னுடையவை. மூன்று சாருடையவை, அதில் ஒன்றில், சந்தேகம் வராமலிருக்கத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு அவளுடையவை.

"உச்சரிப்பு பத்தி எழுதுனது நான்தான் டீச்சர்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. சாரிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி நின்றது.

கூட்டினால் பத்து. வியாழக்கிழமை 11.10 பதிவை மூவருமே எழுதவில்லை என்றோம். அந்த நேரம் நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். பாடக்குறிப்பேட்டில் ஆதாரம் இருக்கிறது. சார் மதுரையில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்ததாகச் சொன்னார். பத்திரிகையைக் காட்டினார், ஆனால் போனதற்கு அது சாட்சி ஆகாது. எரியோட்டில் அன்று பகல் முழுக்க கரண்ட் இல்லை என்றாள் அவள். நான் விசாரித்தவரை உண்மை. வழிகாட்டியும் உள்ளே நுழைந்திருக்க முடியும். அந்தப் பொதுக் கடவுச்சொல் மற்றக் குழுக்களுக்கும் போயிருந்தால் வேறு யாரும்கூட. விலகிய 7-4 யார் என்று கேட்டுக் கம்பெனிக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன்; பதில் இல்லை. அவர் விலகினார் என்பதற்கும் வாய்வார்த்தையைத் தவிர நான் கண்ட காகிதம் எதுவும் கிடையாது.

கோப்பின் கடைசிப் பக்கத்தில் பதினொரு பதிவுகளுக்கும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். பதினொன்றாவதற்கு எதிரே பென்சிலில் இருப்பது இவ்வளவுதான்: எழுதியவர் யாரென்று உறுதி செய்யப்படவில்லை.